கெய்லின் பார்த்தது ஆக்சிஜன் சுமக்கும் பொருளை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில், செல்லின் மூச்சை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் அறிஞர் டேவிட் கெய்லின் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தோம். சைட்டோகுரோம் என்ற சொல் தமிழ் நாளிதழில் தலைப்பாக வருவது அடிக்கடி நடக்கிற காரியம் அல்ல. எழுதியவருக்கும் இடம் கொடுத்த தங்களுக்கும் நன்றி. ஆனால் கட்டுரையின் அச்சாணியான வாக்கியமே பிசகிவிட்டது. 'செல்லுக்குள் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் இரும்புப் பொருளைக் கெய்லின் கண்டுபிடித்தார்' என்று அதில் இருக்கிறது. சைட்டோகுரோம் ஆக்சிஜனைச் சுமப்பதில்லை. எலக்ட்ரானைக் கைமாற்றிவிடும் புரதம் அது. இந்த வேறுபாடு விட்டுப்போனால் கெய்லின் செய்த வேலையில் பாதி கைநழுவிப் போகும். எனவே சற்று நீளமாகவே எழுதுகிறோம், பொறுத்தருள்க.

ஹீமோகுளோபின், சைட்டோகுரோம் இரண்டிலும் இரும்பைத் தாங்கியிருப்பது ஹீம். ஹீம் என்பது தட்டையான ஒரு வளையம். நான்கு நைட்ரஜன் அணுக்கள் நடுவில் ஓர் இரும்பு அணுவைப் பிடித்திருக்கும். இரும்புக்கு ஆறு கைகள் என்று வைத்துக்கொண்டால் நான்கு இங்கேயே போய்விடும். மீதி இரண்டு, வளையத்துக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றும். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் கீழ்க்கையை ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் பற்றியிருக்கிறது, மேல்கை காலி. அந்தக் காலி இடத்தில்தான் ஆக்சிஜன் வந்து உட்கார்ந்து, பிறகு இறங்கிப் போகிறது. சைட்டோகுரோம் வகைகளில் ஒன்றான சைட்டோகுரோம் சி-யில் இரண்டு கைகளுமே அடைபட்டவை: ஒரு பக்கம் புரதச் சங்கிலியின் 18ஆம் இடத்து ஹிஸ்டிடின், மறுபக்கம் 80ஆம் இடத்து மெத்தியோனின். ஆக்சிஜன் உட்கார அங்கே திண்ணையே இல்லை. அந்த இரும்பு ஓர் எலக்ட்ரானை வாங்கும், அடுத்த புரதத்திடம் கொடுக்கும், அவ்வளவுதான். வாங்கும்போது இரண்டு மின்னூட்ட இரும்பு, கொடுத்த பின் மூன்று மின்னூட்ட இரும்பு. ஹீமோகுளோபினில் இப்படி நடந்தால் நோய். மூன்று மின்னூட்டத்துக்கு மாறிய ஹீமோகுளோபின் பழுப்பாகிவிடும், ஆக்சிஜனைப் பிடிக்காது.

ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைக்கும் கட்டலேஸ் நொதியில் கீழ்க்கையைப் பிடித்திருப்பது டைரோசின். கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் பி450 நொதிகளில் சிஸ்டீனின் கந்தகம். அந்தக் கந்தகப் பிடி இருக்கும்வரை, ஒடுக்கப்பட்ட (எலக்ட்ரான் ஏற்றிய) நொதியில் கார்பன் மோனாக்சைடு செலுத்தினால் 450 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலின் உச்சம் தெரியும். நொதியின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். பிடி தளர்ந்தால் உச்சம் 420க்கு நகர்ந்துவிடும், நொதி செத்தது என்று பொருள். ஆக, இரும்பு எல்லா இடத்திலும் இரும்புதான். சுற்றியுள்ள புரதம் என்ன செய்யச் சொல்கிறதோ அதைச் செய்கிறது.

'ரத்தத்தின் சிவப்புக்கு இரும்பே காரணம்' என்ற வரியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். பள்ளிப் பருவத்திலிருந்து எல்லோரும் கேட்டுவரும் வாக்கியம்தான். நிறம் முதலில் அந்த வளையத்தின் சொத்து; இரும்பும் புரதமும் அதன் சாயலை மாற்றுகின்றன. இரும்பே ஏறாத வெறும் வளையத்தைப் பார்க்க வேண்டுமானால் பழுப்பு ஓடு கொண்ட கோழி முட்டையை இருட்டறையில் வைத்து, ரூபாய் நோட்டு சோதிக்கும் புறஊதா விளக்கைக் காட்டுங்கள். ஓடு செக்கச்செவேலென்று ஒளிரும். ஓட்டில் படிந்துள்ள புரோட்டோபார்ஃபிரின்தான் அது, ஹீமுக்கு ஒரு படி முந்தைய பொருள். அதில் இரும்பை ஏற்றிவிட்டால் ஒளிர்வு அடங்கிவிடும்.

இனி கெய்லின். 1887இல் மாஸ்கோவில் போலந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர், 1915இல் கேம்பிரிட்ஜுக்கு வந்தவர், பின்னாளில் அங்குள்ள மொல்டினோ நிறுவனத்தின் இயக்குநர். அடிப்படையில் அவர் பூச்சியியலாளர், ஒட்டுண்ணி ஆய்வாளர். குதிரையின் வயிற்றில் வளரும் ஒருவகை ஈயின் புழுவில் ஹீமோகுளோபின் உண்டு. புழு ஈயாக மாறிய பின் அந்த ஹீமோகுளோபின் என்ன ஆகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. ஈயின் மார்புத் தசையை நுண்ணோக்கியோடு இணைந்த, ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைக்காட்டியில் வைத்துப் பார்த்தார். ஒளி உறிஞ்சப்படும் இடத்தில் கறுப்பாக விழும் பட்டைகளில் ஹீமோகுளோபினுக்குரியவை இல்லை. நான்கு வேறு பட்டைகள் இருந்தன. ஹீமோகுளோபினே இல்லாத பூச்சிகளிலும் அதே நான்கு. ரொட்டி ஈஸ்ட்டிலும் அதே. சிவப்பில் 605 நானோமீட்டர் அருகே ஒன்று, பச்சையில் 566, 550, 521 அருகே மூன்று. இந்தப் பட்டைகளுக்குரிய பொருளுக்குச் சைட்டோகுரோம் என்றும், முதல் மூன்று பட்டைகளுக்கும் ஏ, பி, சி என்றும் பெயரிட்டார். நான்காவது, மூன்றின் துணைப்பட்டைகளும் ஒன்றன்மேல் ஒன்றாய் விழுவது. அந்தக் கட்டுரை ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் வந்த ஆண்டு 1925.

அவருக்கு முன்பே இந்தப் பட்டைகளைப் பார்த்தவர் ஒருவர் உண்டு. இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனில் மருத்துவராக இருந்த சார்லஸ் மக்மன், 1880களில் இதே பட்டைகளை எழுதி வைத்தார். ஜெர்மனியின் ஹோப்பே-செய்லர் அதை ஹீமோகுளோபினின் சிதைவுப் பொருள் என்று தள்ளிவிட்டார். அந்தத் துறையில் அவர் சொன்னால் சொன்னதுதான். மக்மன் 1911இல் இறந்தார். கெய்லின் தம் கட்டுரையில் அவருக்குரிய இடத்தைக் கொடுத்திருக்கிறார். தங்கள் கட்டுரையில் அந்தப் பெயரே இல்லை.

கெய்லின் மக்மனைத் தாண்டியது ஓர் எளிய காரியத்தால். செத்த தசையில் பட்டைகள் இருக்கின்றன என்று சொல்வதோடு அவர் நிற்கவில்லை. உயிரோடு இருக்கும் செல்லில் அவை தோன்றி மறைவதைப் பார்த்தார். மெழுகு அந்துப்பூச்சியை அசையாமல் பிடித்து மார்பைப் பார்த்தபோது, பூச்சி ஓய்ந்திருக்கையில் பட்டைகள் மங்கின. திமிறிச் சிறகை அதிரவிட்டபோது பட்டைகள் எழும்பின. ஈஸ்ட் கரைசலைக் குலுக்கினால் பட்டைகள் மறையும், வைத்துவிட்டால் திரும்பி வரும். காற்று கலந்ததும் எலக்ட்ரான்கள் ஆக்சிஜனிடம் ஓடிவிடுகின்றன, இரும்பு மூன்று மின்னூட்டத்துக்குப் போகிறது, பட்டை அழிகிறது. ஆக்சிஜன் தீர்ந்ததும் எலக்ட்ரான்கள் தேங்கி நிற்கின்றன, பட்டை வருகிறது. மூச்சு விடுவதைக் கண்ணால் பார்ப்பது என்றால் இதுதான்.

இந்த ஈஸ்ட் சோதனையைக் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு மணி நேரத்தில் செய்துவிடலாம். செய்முறையை விரித்துச் சொல்கிறோம். தமிழில் எங்கும் எழுதப்பட்டதாகத் தெரியவில்லை.

வேண்டியது அழுத்திய ஈர ஈஸ்ட் 20 கிராம், நீர் 80 மி.லி. ஈர ஈஸ்ட் கிடைக்காத ஊரில் பேக்கரிக் கடையில் விற்கும் உலர் ஈஸ்ட் 7 கிராம் போதும், ஆனால் அதை 38 முதல் 40 டிகிரி வெந்நீரில்தான் ஊற வைக்க வேண்டும், பத்து நிமிடம். பச்சைத் தண்ணீரில் போட்டால் உலர்ந்த செல்லுறை சரியாக விரியாமல் உள்ளே இருப்பது கசிந்துவிடும், பட்டைகள் தேறாது. ஊறிய ஈஸ்ட்டை ஒருமுறை சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, மேல்நீரைக் கொட்டி, நல்ல நீரில் மறுபடி கலக்குங்கள். பொட்டலத்தில் சேர்த்திருக்கும் குழம்பாக்கிப் பொருளும் நுரையும் போய்விடும். அரைக் கரண்டி குளுக்கோஸ் சேர்த்தால் மூச்சு வேகமெடுக்கும். கரைசல் மோர் போல் அல்ல, நல்ல கெட்டித் தயிரைக் கடைந்தது போல் இருக்க வேண்டும். இரண்டு சென்டிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில் முக்கால் பங்கு நிரப்பி, குலுக்குவதற்கு மேலே இடம் விடுங்கள்.

விளக்கில்தான் பாதிப்பேர் தோற்றுப்போகிறார்கள். சுருள் சிஎஃப்எல் விளக்கும் ட்யூப் லைட்டும் ஆகவே ஆகா. பாதரசத்தின் 546, 578 கோடுகளும் விளக்கின் உட்பூச்சு தரும் கோடுகளும் பட்டைகள் இருக்க வேண்டிய இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டு வெளிச்சக் கோடுகளுக்கு நடுவே இருக்கும் இருட்டைச் சைட்டோகுரோம் என்று மாணவர் வரைந்துவிடுவார். 100 வாட் ஹாலோஜன் விளக்கே சரி. அதன் சூட்டில் ஈஸ்ட் வெந்துவிடாமலிருக்க இடையில் நீர் நிரம்பிய பீக்கர் ஒன்றை வையுங்கள். நிறமாலைக்காட்டி, கையில் பிடித்து நேராகப் பார்க்கும் பழைய முப்பட்டக வகையாக இருக்கட்டும். அதிகம் விரிக்கும் விலையுயர்ந்த கருவியை விட, நிறமாலையைக் குறுக்கிக் காட்டும் இந்தச் சிறு குழல்தான் இந்த வேலைக்கு மேல். மங்கலான அகலப் பட்டையை விரித்தால் அதன் ஓரம் கரைந்து கண்ணுக்குத் தப்பிவிடும். குறுக்கினால் இருள் ஒன்றுதிரண்டு தெரியும். டிவிடித் துண்டால் செய்த வீட்டுக் கருவியில் ஹீமோகுளோபின் தெரிவதுண்டு, சைட்டோகுரோமுக்கு அது காணாது.

அளவுகோலுக்கு ஸ்பிரிட் விளக்குச் சுடரில் ஒரு சிட்டிகை உப்பு. சோடியத்தின் மஞ்சள் கோடு 589இல் விழும். ஏ பட்டை அதற்குச் சிவப்புப் பக்கம், மற்றவை பச்சைப் பக்கம். குழாயை வாயை மூடி முப்பது நொடி வேகமாகக் குலுக்கி உடனே பாருங்கள், பச்சையில் ஒன்றும் இருக்காது. கண்ணை எடுக்காமல் காத்திருங்கள். 550இல் உள்ள சி பட்டைதான் முதலில் கண்ணில் படும், மெல்லிய கறுப்புக் கோடு போல. பிறகு ஏ, கடைசியாக பி. எத்தனை நொடி என்பது ஈஸ்ட்டின் கெட்டியைப் பொறுத்தது. எதுவும் தெரியவில்லை என்றால் நுனிக்கரண்டி சோடியம் டைதயோனைட் (எலக்ட்ரானைக் கொடுத்து ஒடுக்கும் பொருள்) போடுங்கள். அப்போது தெரிந்தால் ஈஸ்ட் சோர்ந்திருக்கிறது என்று பொருள். அப்போதும் தெரியாவிட்டால் விளக்கையோ கெட்டியையோ பாருங்கள். டைதயோனைட்டின் நிலையையும் கவனியுங்கள். கட்டிதட்டி கந்தக நெடி அடித்தால் அது காலாவதி. அதைப் போட்ட பிறகு குழாயைக் குலுக்குவதும் தவறு, சேர்ந்த காற்று அதைத் தின்றுவிடும்.

குலுக்கினாலும் பட்டைகள் மறையாமல் நிற்பதைக் காட்டக் கெய்லின் சயனைடு சேர்த்தார். எலக்ட்ரான்களை ஆக்சிஜனிடம் சேர்க்கும் கடைசி நொதியின் இரும்பில் சயனைடு உட்கார்ந்து வழியை அடைக்கிறது, எலக்ட்ரான்கள் எல்லாம் பின்னால் தேங்குகின்றன. இதை மாணவர் ஆய்வகத்தில் செய்யக் கூடாது, வாயால் சொன்னால் போதும்.

ஹீமோகுளோபினை ஒப்பிட்டுக் காட்டவும் ரத்தம் எடுக்க வேண்டியதில்லை. விரலிடுக்கின் சவ்வை அதே விளக்கில் காட்டிப் பார்த்தால் 577, 541 என இரண்டு பட்டைகள். விரலின் அடியில் ரப்பர் வளையம் இறுக்கி விரல் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒன்றிரண்டு நிமிடத்தில் இரண்டும் கூடி 555 அருகே ஒரே அகலப் பட்டையாகும். வளையத்தை உடனே எடுத்துவிடுங்கள். ஃபியரோர்ட் என்ற ஜெர்மானியர் 1876இலேயே செய்து பார்த்தது இது. ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் ஏறினால் ஒரு பட்டை இரண்டாகப் பிரிகிறது; சைட்டோகுரோமில் ஆக்சிஜன் வந்தால் பட்டைகளே மங்கிப்போகின்றன. கட்டுரையாளர் இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்திருந்தால் அந்த வாக்கியத்தை எழுதியிருக்க மாட்டார்.

தசையில் இதைச் செய்யும்போதுதான் மக்மனின் காலத்துத் தகராறு எங்கிருந்து வந்தது என்பது புரியும். இதயத் தசையில் ரத்தமும், தசைக்குள் ஆக்சிஜனைச் சேர்த்துவைக்கும் மயோகுளோபினும் நிறைய. கொத்திய தசையைக் குழாய்த் தண்ணீரில் திரும்பத் திரும்பப் பிழிந்து அலச வேண்டும், நீர் வெளுக்கும்வரை. அலசல் குறைந்தால் ஹீமோகுளோபினின் 555 அகலப் பட்டை சி-யையும் பி-யையும் விழுங்கிவிடும். உப்புநீரில் அலசினால் எதிர்க் கோளாறு: சைட்டோகுரோம் சி நேர்மின்னூட்டம் மிகுந்த புரதம், சவ்வில் மின் ஈர்ப்பால் ஒட்டியிருப்பது, உப்பு அந்த ஒட்டை அறுத்துக் கழுவிக்கொண்டு போய்விடும். எந்த ஹீம் எது என்று சந்தேகம் வந்தால் பிரிடின் சோதனை இருக்கிறது. மாதிரியில் ஐந்தில் ஒரு பங்கு பிரிடின், 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு, கடைசியில் டைதயோனைட். பி வகை ஹீம் 557இலும், சி வகை 550இலும், ஏ வகை 587இலும் கூர்மையான உச்சம் காட்டும். வாயுப் போக்கியின் கீழ் செய்யுங்கள், பிரிடினின் நாற்றம் மாலைவரை சட்டையில் நிற்கும்.

கெய்லினும் அவருடைய தோழர் ஹார்ட்ரீயும் சைட்டோகுரோம் சி-யைத் தனியே பிரித்த முறை இன்றும் படிக்கத் தக்கது. கொத்திய இதயத்தைச் சம அளவு 2.5 சதவீத ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தில் ஊற வைத்துப் பிழிவார்கள். பெரும்பாலான புரதங்கள் திரிந்து விழும், சைட்டோகுரோம் சி கரைசலில் நிற்கும். பி.எச். 7.3க்குச் சமன்செய்து, 100 மி.லி.க்கு 50 கிராம் அமோனியம் சல்பேட் போட்டு வடிகட்டினால் ஹீமோகுளோபின் கசடில் தங்கிவிடும். தெளிந்த சிவப்பு வடிநீரில் மறுபடி அதே அமிலம் சிறிது விட்டால் சைட்டோகுரோம் சி விழும். அமிலத்தில் ஊறும் நேரம் நீண்டால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும். அப்படிப் பிணைந்தது தானே காற்றில் ஆக்சிஜனேற்றம் அடையும், கார்பன் மோனாக்சைடையும் பிடிக்கும். நல்ல சைட்டோகுரோம் சி இரண்டையும் செய்யாது. இதையே தரச்சோதனையாக வைத்துக்கொள்ளலாம்.

தூய்மையை அளக்க அவர்கள் நம்பியது இரும்பின் சதவீதம். மூலக்கூறு எடை ஏறத்தாழ 12,400, இரும்பு 56, கணக்குப்படி 0.45 சதவீதம் இருக்க வேண்டும். கெய்லின்–ஹார்ட்ரீ முறையில் கிடைத்தது 0.34. அதாவது நான்கில் ஒரு பங்கு வேறு ஏதோ கலந்திருந்தது. ஸ்வீடனின் ஹியூகோ தியோரெல் அதை 0.43 வரை கொண்டுபோனார். இன்று யாரும் இரும்பைச் சாம்பலாக்கி அளப்பதில்லை; ஒரு மைக்ரோமோலார் கரைசல் ஒடுங்கும்போது 550இல் ஒளி உறிஞ்சல் 0.021 ஏறும் என்ற கணக்கு போதும். 10 மைக்ரோமோலாருக்கு 0.21. அதற்குமுன் சிட்டிகை ஃபெர்ரிசயனைடால் முழுதும் ஆக்சிஜனேற்றி அடிக்கோடு எடுத்திருக்க வேண்டும். கடையில் வாங்கிய பொடி ஓரளவு ஒடுங்கிய நிலையிலேயே வரக்கூடும் என்பதை மறந்தால் அளவு குறைவாகக் காட்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் நிறமுள்ள உலோகம். கட்டுரை தொடாமலேயே விட்ட பாதி இதற்குப் பிறகுதான் வருகிறது. துத்தநாகத்துக்கு நிறமே கிடையாது. உள் ஓட்டில் பத்து எலக்ட்ரான்களும் நிரம்பிக் கிடப்பதால் கண்ணுக்குத் தெரியும் ஒளியை அது தீண்டுவதில்லை. நிறமாலைக்காட்டியை நம்பி வாழ்ந்தவர் நிறமில்லாத உலோகத்தை எப்படிப் பிடித்தார்?

ரத்தச் சிவப்பணுவில் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி இருப்பதை அதே கேம்பிரிட்ஜில் மெல்ட்ரமும் ரஃப்டனும் 1930களின் தொடக்கத்தில் காட்டியிருந்தனர். கார்பன் டை ஆக்சைடை நீரோடு சேர்த்து பைகார்பனேட்டாக்கும் நொதி. ஒரு மூலக்கூறு நொடிக்குப் பத்து லட்சம் வரை மாற்றும். கெய்லினும் தாடியஸ் மானும் அதை மாட்டு ரத்தத்திலிருந்து தூய்மை செய்தார்கள். தூய்மை கூடக் கூட நொதியின் வேகம் ஏறியது. சாம்பலில் துத்தநாகமும் அதே விகிதத்தில் ஏறியது. இரும்பும் செம்பும் ஏறவில்லை. 1939, 1940 ஆண்டுகளில் வெளியிட்டார்கள். துத்தநாகம் ஒரு நொதியின் அங்கம் என்று உறுதியானது அதுவே முதல் முறை.

உலோகம் நொதியினுடையதா, கண்ணாடிப் பாத்திரத்தினுடையதா என்ற சந்தேகம் இந்தத் துறையில் என்றுமே தீராதது. ரப்பர் மூடி, தோல், டிஷ்யூ தாள், தூசி எல்லாவற்றிலும் துத்தநாகம் உண்டு. பாத்திரங்களைப் 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் இரவு முழுதும் ஊறவைத்து அயனி நீக்கிய நீரில் அலச வேண்டும். டயாலிசிஸ் குழாயை (புரதத்தை உள்ளே நிறுத்தி மற்றதை வெளியேற்றும் சவ்வுக் குழாய்) ஈ.டி.டி.ஏ. என்ற உலோகம் பிடிக்கும் பொருள் சேர்த்துக் கொதிக்க வைக்க வேண்டும். முழு நிரூபணத்துக்கு உலோகத்தை உருவி எடுத்தால் நொதி முடங்க வேண்டும், திரும்ப வைத்தால் எழ வேண்டும். இந்த நொதியில் இதை 1960ஐ ஒட்டி ஸ்வீடனின் லிண்ட்ஸ்காகும் மால்ம்ஸ்ட்ரோமும் செய்து காட்டினர். துத்தநாகம் இருந்த இடத்தில் கோபால்ட்டை வைத்தால் நொதி ஏறத்தாழ பாதி வேகத்தில் ஓடும், கரைசல் நீலமாகவும் மாறும். கண்ணுக்குத் தெரியாத உலோகத்தின் இருப்பிடம் இப்படிக் கண்ணுக்குத் தெரிய வந்தது.

அளக்கும் முறையும் சுவையானது. இந்த வினை நொதி இல்லாமலும் நடப்பது. அறை வெப்பத்தில் அது விரைவாகவே முடிந்துவிடும் என்பதால் வேறுபாடு தெரியாது. அதனால் எல்லாமே பனிக்கட்டி நீரில். குளிர்ந்த பஃபர் (பி.எச். சட்டென மாறாமல் தாங்கும் கரைசல்) 6 மி.லி., பனிநீரில் நிறையும்வரை கார்பன் டை ஆக்சைடு செலுத்திய நீர் 4 மி.லி. கலந்து, பி.எச். 8.3இலிருந்து 6.3க்கு இறங்கும் நேரத்தை நொதியோடும் நொதி இல்லாமலும் எண்ணுவார்கள். நீர் இரண்டு டிகிரி சூடானாலும் கணக்கு தப்பும். வாயு செலுத்திய நீரைத் திறந்து வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தாலும் தப்பும்.

மானும் கெய்லினும் 1940இலேயே சல்ஃபனிலமைடு இந்த நொதியைக் குறிப்பாக முடக்குகிறது என்று கண்டார்கள். அந்தக் கிருமிக்கொல்லி மருந்து சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் அமிலத்தன்மை ஏன் கூடியது என்பதற்கு விடை கிடைத்தது. அந்த நூலைப் பிடித்துப் பிறந்ததுதான் அசிட்டசோலமைடு. கண்ணின் உள்ளே நீர் அழுத்தம் கூடும் நோய்க்கும், மலையேறுபவர்களின் உயர நோய்க்கும் இன்றும் தரப்படுகிற மாத்திரை. சல்ஃபனிலமைடின் நைட்ரஜன் நேராகத் துத்தநாகத்தைப் போய்ப் பிடிக்கிறது என்பது படிகக் கட்டமைப்புகள் வந்த பின் தெரிந்தது.

செம்பைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. 1938இல் இதே இருவர் மாட்டு ரத்தத்திலிருந்து வெளிர் நீலப்பச்சைப் புரதம் ஒன்றைப் படிகமாக்கி, அதில் செம்பு இருப்பதைக் காட்டி, ஹீமோகுப்ரின் என்று பெயர் வைத்தார்கள். என்ன வேலை செய்கிறது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. வேலை தெரியாத புரதமாகவே 31 ஆண்டுகள் கிடந்தது. 1969இல் அமெரிக்காவில் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் அது சூப்பர் ஆக்சைடை, அதாவது ஓர் எலக்ட்ரான் கூடுதலாக ஏறிய ஆக்சிஜனை, அழிக்கும் நொதி என்று காட்டினர். எதை வைத்துக் காட்டினார்கள் தெரியுமா? கெய்லினின் சைட்டோகுரோம் சி-யை வைத்து. 10 மைக்ரோமோலார் சைட்டோகுரோம் சி, 50 மைக்ரோமோலார் சாந்தீன், 0.1 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ., 50 மில்லிமோலார் பாஸ்பேட், பி.எச். 7.8, 25 டிகிரி. இதில் சாந்தீன் ஆக்சிடேஸ் என்ற நொதியைச் சேர்த்தால் பிறக்கும் சூப்பர் ஆக்சைடு சைட்டோகுரோமை ஒடுக்கும், 550இல் நிமிடத்துக்கு 0.025 ஏறும்படி அந்த நொதியின் அளவைச் சரிசெய்வார்கள். அந்த வேகத்தைப் பாதியாக்கும் செம்புப் புரதத்தின் அளவே ஒரு யூனிட். ஈ.டி.டி.ஏ.யை மிச்சப்படுத்த நினைத்தால், கரைசலில் திரியும் சில்லறைச் செம்பு அயனிகளே சூப்பர் ஆக்சைடை அழித்து, இல்லாத நொதியை இருப்பதாகக் காட்டும். தசைச் சாற்றை அப்படியே சேர்த்தால் அதிலுள்ள சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் ஒடுங்கியதை மறுபடி ஆக்சிஜனேற்றும். அதுவும் நொதி மிகுதியாக இருப்பது போலவே தோன்றும். சிவப்பணுச் சாற்றில் ஹீமோகுளோபினை நீக்க, குளிர்ந்த எத்தனால் கால் பங்கும் குளோரோஃபார்ம் 0.15 பங்கும் சேர்த்துக் கலக்குவது வழக்கம். ஹீமோகுளோபின் பழுப்புப் பிண்ணாக்காகத் திரண்டு அடங்கும், செம்புப் புரதம் மேல்நீரில் நிற்கும். குளிர் குறைந்தால் இதுவும் திரிந்துபோகும் அபாயம் உண்டு.

கல்லூரிகள் பலவற்றில் உயிர்வேதியியல் செய்முறை என்றால் ஸ்டார்ச்சும் அமைலேசும் அயோடினும்தான் இன்றும். தவறில்லை. ஆனால் நேர்நோக்கு நிறமாலைக்காட்டி இயற்பியல் துறையின் அலமாரியில் தூசியடைந்து கிடக்கும், கேட்டால் தருவார்கள். மேலே சொன்ன ஈஸ்ட்டின் செலவு ஒரு சிற்றுண்டிச் செலவுதான்.

தங்கள் கட்டுரைக்கு வேண்டிய திருத்தங்கள் மூன்று. முதலாவது, தொடக்கத்தில் சொன்ன வாக்கியம். 'எலக்ட்ரானைக் கைமாற்றும்' என்று மாற்றினால் போதும். ஆக்சிஜனை நேரில் சந்திப்பது வரிசையின் கடைசியில் உள்ள சைட்டோகுரோம் ஏ3 மட்டுமே, அதுவும் பக்கத்தில் ஒரு செம்பு அணுவின் துணையோடு, நான்கு எலக்ட்ரான்களைக் கொடுத்து நீராக்குவதற்கு. இரண்டாவது, கெய்லின் நோபல் பரிசு பெற்றவர் என்று எழுதியிருப்பது. அவர் பெறவில்லை. சுவாச நொதிக்காக 1931இல் பெற்றவர் ஓட்டோ வார்பர்க், ஆக்சிஜனேற்ற நொதிகளுக்காக 1955இல் பெற்றவர் தியோரெல். 1978இல் பெற்ற பீட்டர் மிட்செல் தம் நோபல் உரையின் தலைப்பிலேயே கெய்லினின் பெயரைச் சேர்த்துக்கொண்டார். குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். மூன்றாவது, படம். சைட்டோகுரோம் சி என்று அச்சாகியிருப்பதில் நான்கு துணைப்புரதங்களும் நான்கு ஹீம்களும் உள்ளன. அது ஹீமோகுளோபின். சைட்டோகுரோம் சி ஒரே சங்கிலி, குதிரையில் 104 அமினோ அமிலங்கள், ஒரே ஒரு ஹீம்.

இப்படிக்கு,
உயிர்வேதியியல் ஆசிரியர்கள் இருவர்,
திருச்சி